டயாலிசிஸ் நடக்கும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம்: எப்படி நடத்துவது?

ஜெபக்குழு_லீடர்:
இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகும் ஒருவர் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபம். அவருக்கு வேலையும் போய்விட்டது. குழுவில் பாதிப்பேர் 'ஆயிரம் ஸ்தோத்திரம்' (தேவனுக்கு நன்றி சொல்லும் வரிகளை ஆயிரம் வரை எண்ணிச் சொல்வது) சொல்லலாம் என்கிறார்கள். மீதிப்பேர், இந்த நிலைமையில் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால் மனசு நோகும் என்கிறார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ வைத்துப் பேசலாமா? கூட்டத்தை எந்த வரிசையில் நடத்துவது?

பழைய_ஆயர்:
தாராளமாகப் பேசலாம் பிரதர். ஆனால் வசனத்தை முழுசாக வாசியுங்கள். 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து 'அப்படிச் செய்வதே' தேவனுடைய சித்தம் என்று வருகிறது. ஸ்தோத்திரம் செய்வதுதான் சித்தம் என்கிறாரே தவிர, சிறுநீரகம் கெட்டதைச் சித்தம் என்று அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே சொல்லவில்லை. நான்கு வசனம் முன்னால், 5:14-இல், 'திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்' என்று இருக்கிறது. உங்கள் குழுவுக்கான கட்டளை அது. அதைச் செய்யாமல் 18-க்குத் தாவினால் அந்த வீட்டுக்கு அது பாரமாகத்தான் இறங்கும்.

வரிசை கேட்டீர்கள். மொத்தம் 25 நிமிஷம் போதும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டு, இரண்டு சரணம், தாழ்ந்த சுருதியில். பிறகு பைபிளிலிருந்து சங்கீதம் 13. ஆறே வசனம்தான். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற முறையீடு, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். கூட்டமும் அதே வரிசையில் போகட்டும். முறையீட்டை வாசித்ததும் இரண்டு நிமிஷம் மௌனம். யாரும் 'அல்லேலூயா' போட்டு அதை நிரப்ப வேண்டாம். வேண்டுதலில் வாடகை, ஊசிமருந்துச் செலவு, பிள்ளைகளின் ஃபீஸ் என்று பேர் சொல்லி ஜெபியுங்கள். அதன்பின் ஸ்தோத்திரம். ஆளுக்கு ஒன்று, கடந்த ஒரு நாளுக்குள் நடந்ததாக இருக்கட்டும். 'இன்றைக்கு ஊசி ஒரே குத்தில் ஏறியது' என்பது போதும். ஒன்றும் தோன்றாதவர் சும்மா இருக்கலாம். பரமண்டல ஜெபத்தோடு முடியுங்கள். காணிக்கைப் பை அன்றைக்கு வேண்டாம்.

வசனப்பிரியன்:
ஐயா, எபேசியர் 5:20 'எல்லாவற்றிற்காகவும்' என்கிறதே? அப்படியானால் வியாதிக்காகவும்தானே ஸ்தோத்திரம்?

பழைய_ஆயர்:
நல்ல கேள்வி. கிரேக்கத்திலும் இரண்டு இடத்தில் இரண்டு உருபு: தெசலோனிக்கேயரில் 'என்' (-இல்), எபேசியரில் 'ஹூப்பெர்' (-க்காக). ஆனால் எபேசியரில் அந்த வரி, சபை கூடிச் சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் பாடுவதோடு சேர்ந்து வருகிறது. கர்த்தர் இயேசு எப்படிச் செய்தார் என்று பாருங்கள். யோவான் 11:35-இல், செத்துப்போன சிநேகிதன் லாசருவுக்காக அழுதார். ஆறு வசனம் கழித்து, 11:41-இல், 'பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்றார். லாசரு செத்ததற்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அந்தக் கல்லறை வாசலில் அழுகையும் உண்டு, ஸ்தோத்திரமும் உண்டு.

யோபு 1:21-ஐயும் கவனமாக எடுங்கள். 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்றது பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் வாய். பார்க்க வந்த சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வசனத்தை நாம் நோயாளியிடம் சொல்லக் கூடாது. அவர் சொன்னால் ஆமென் சொல்லலாம்.

நர்ஸ்_அக்கா:
தம்பி, முதலில் அந்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நாளா என்று கேளுங்கள். நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வந்தால் அன்று சாயங்காலம் உட்காரவே தெம்பு இருக்காது. இல்லாத நாளுக்கு மாற்றுங்கள். பழம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வாழைப்பழம், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அவருக்கு ஆபத்து. தண்ணீரும் அளவுதான், காபி குடி என்று வற்புறுத்த வேண்டாம். வீட்டுக்காரம்மாவை அடுப்படிக்கு அனுப்பாமல் நீங்களே ஃபிளாஸ்கில் கொண்டுபோங்கள். அவர்களும் உட்கார்ந்து ஜெபிக்கட்டும்.

அப்புறம், 'இவரைவிட மோசமா இருக்கிறவங்க எத்தனை பேர், அதுக்காக ஸ்தோத்திரம்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 'மற்ற மனுஷரைப்போல இராததனால்' என்று ஸ்தோத்திரித்தது லூக்கா 18-இல், தன்னை நீதிமான் என்று நம்பிய பரிசேயன். பக்கத்துப் படுக்கைக்காரரின் வேதனை நமக்கு ஸ்தோத்திரக் காரணம் ஆகக் கூடாது.

ஜெபக்குழு_லீடர்:
நன்றி ஐயா, அக்கா. கூட்டம் வைக்கும் நாளை மாற்றிவிடுகிறேன். ஆனால் அவருடைய அம்மாவே ஆயிரம் ஸ்தோத்திரம் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?

பழைய_ஆயர்:
அந்த அம்மாவின் விசுவாசத்தைத் தட்டாதீர்கள். ஆனால் ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலும் ஆயிரத்துக்கு 50 நிமிஷம். எண்ணிக்கை முடிந்தால் சுகம் வரும் என்ற கணக்கும் கூடவே வந்துவிடும். முடிந்தும் சுகம் வராவிட்டால் 'விசுவாசம் பத்தல' என்று பழி நோயாளி தலையில் விழும். ஆயிரத்தை அம்மாவோடு இரண்டு பேர் வேறொரு நாள் உட்கார்ந்து சொல்லட்டும். கூட்டத்தில் சங்கீதம் 136-ஐ எடுங்கள். 26 வசனம், ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில். ஒருவர் முன்வரியை வாசிக்க, மற்றவர்கள் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல், படுத்திருப்பவரும் முணுமுணுக்கலாம். 23-ஆம் வசனத்தில், 'நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை' என்ற இடத்தில், அவசரப்படாமல் வாசியுங்கள்.