புதுப்பிப்பு: இல்லத்துப் பிள்ளைகளின் வாய்க்கால் என்ன ஆயிற்று?

நான் சனிக்கிழமைகளில் போய்வரும் குழந்தைகள் இல்லத்தில் துவைகல்லைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தேங்குகிறது, பிள்ளைகளே சரிசெய்யப் போகிறார்கள் என்று போன ஆடியில் எழுதியிருந்தேன். பலர் விசாரித்தீர்கள்.

நன்றாகவே முடிந்தது. கொத்தனார் அண்ணன் மட்டம் பார்க்கும் ரசமட்டக் கருவியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க, பெரிய பிள்ளைகள் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டினார்கள். அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் மணல், அதில் கல்வாழை. வடிந்து வரும் தண்ணீர் வாழைக்கும் பப்பாளிக்கும் போகிறது. கீரைப்பாத்திக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்தான்; பச்சையாகத் தொடும் இலையில் சோப்புத் தண்ணீர் படக்கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. சிறார் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி இல்லங்களில் பிள்ளைகளுக்கென்று குழுக்கள் இருக்க வேண்டும். இங்கே அந்தக் குழு உட்கார்ந்து பேசி ஒரு முடிவெடுத்ததை இப்போதுதான் பார்த்தேன். வாய்க்காலோடு ஒரு திண்ணையும் கட்டுவதாக இருந்தது. அதை வாசலில் கட்டலாம் என்றார் வார்டன் அம்மா. வேப்பமரத்தடிதான் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். அங்கேதான் கட்டினோம். “அக்கா, கை வைக்காதீங்க, பூச்சு காயல!” என்று ஆறாம் வகுப்புக்காரி என்னை விரட்டினாள்.

அடுத்தது கொடிப்பந்தல். நாட்டுப் புடலை, பீர்க்கன் விதை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.