கல்லடிப் பாலத்தில பாடினது மீனா, தவளையா?

கல்லடிப் பொடியன்:
நம்மட மட்டக்களப்பு வாவியில பாடுது என்டு சொல்ற மீனைப் பற்றி ஒரு தம்பி ஒலிக்கதை செய்து முகப்புத்தகத்தில போட்டிரிக்கார். கேட்டன், நல்லாத்தான் கிடக்கு. ஆனா நடுவில சொல்றார், "இப்ப நீங்க கேக்கிறது பாலத்தில நின்டு போனில பதிஞ்ச மீன்ட பாட்டு" என்டு. வயிறு எரியுது. அது தவளை! இதுக்கு "ஒலி ஊடகவியல்" என்டு தலைப்பு வேற.

மண்முனை மகள்:
முழுக் கதையையும் விட்டுட்டு அந்தப் பத்து செக்கனைப் பிடிச்சுத் தொங்குறீங்க. தோணிக்காரர் பேசுற இடத்தைக் கேட்டீங்களா? அவர் மூச்சு வாங்குறதையும், பேச முடியாம நிக்கிறதையும் வெட்டாம விட்டிரிக்கார். எனக்கு அழுகை வந்திச்சு.

பழைய மைக்:
அழுகை வந்தா உண்மையாகிருமா மகள்? நான் வானொலி நாடகத்துக்குச் சத்தம் போட்டவன். மழைக்குத் தகரத்தில அரிசி கொட்டுவம், குதிரைக்குச் சிரட்டை தட்டுவம், நெருப்புக்குத் தாளைக் கசக்குவம். எல்லாம் பொய்தான். ஆனா நாடகம் என்டு சொல்லித்தான் போட்டம், "பதிஞ்சனான்" என்டு சொல்லல்ல. தண்ணிக்குள்ள கிளம்புற சத்தத்தில ஆயிரத்தில ஒரு பங்குதான் காத்துக்கு வரும். மிச்சம் தண்ணியோடயே திரும்பிரும். அதாலதானே நம்மட ஆக்கள் தோணியில இருந்து துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற முனையில காதை வைக்கிற. பாலத்தில நின்டு போனைப் பிடிச்சா மோட்டச்சைக்கிள்தான் பாடும். அது தவளை.

அக்கரைப்பற்று காக்கா:
அப்ப அந்தக் காலத்தில அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் பதிஞ்சு இலங்கை வானொலியில போனதே, அதுவும் தவளையா ஐயா?

பழைய மைக்:
பாதிரியாரை இழுக்காதீங்க. அவர் பாலத்துக்குப் போன் கொண்டு போகல்ல.

மண்முனை மகள்:
நாடகம் என்டு சொன்னாச் சனத்துக்கு விளங்கிருமோ? 1938இல அமெரிக்காவில ஆர்சன் வெல்ஸ் என்ட நடிகர் ரேடியோவில, செவ்வாய்க் கிரகத்து ஆக்கள் இறங்கிட்டாங்க என்டு செய்தி வாசிக்கிற மாதிரியே நாடகம் போட்டார். தொடக்கத்தில நாடகம் என்டுதான் அறிவிச்சாங்க. அப்பவும் நம்பிப் பயந்த சனம் இருந்திச்சே.

கல்லடிப் பொடியன்:
அந்தப் பயத்தை ஊதிப் பெருப்பிச்சது பத்திரிகைக்காரர். விளம்பரக் காசு ரேடியோவுக்குப் போகுதே என்ட எரிச்சல். அமெரிக்காவுக்குப் போய் ஒளியாதீங்க, தவளைக்குப் பதில் சொல்லுங்க.

அக்கரைப்பற்று காக்கா:
மீன் என்டுறதே இன்னும் முடிவில்ல. 1848இல மட்டக்களப்புக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட், மீனவர்கள் சிப்பியைக் காட்டி இதுதான் பாடுது என்டு சொன்னதா எழுதி வச்சிரிக்கார். சிப்பியா மீனா என்டே தெரியாத ஊரில தவளை என்டு அடிச்சுச் சொல்ல உங்களுக்கு மட்டும் எப்பிடி ஏலும்?

பழைய மைக்:
சிப்பி என்டாலும் சரி, மீன் என்டாலும் சரி. தம்பி போட்டது தவளை. மாரியில என்ட வளவுக்கு வாங்க, தவளைக் கச்சேரியே வைக்கிறன். இன்னொன்டு, போன் தானாச் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும், பின்னணி இரைச்சலையும் அமத்திரும். ஆரும் பேசாத நேரம் அந்த இடத்திர சத்தத்தைத் தனியா ஒரு நிமிசம் பதியத் தெரியாதவன் ஊடகவியல் கதைக்கான்.

மண்முனை மகள்:
உங்கட காலத்து வானொலியில மட்டக்களப்புப் பேச்சு எத்தின நிமிசம் வந்திச்சு ஐயா? செய்தி என்டா எழுத்துத் தமிழ், நாடகம் என்டா முக்காவாசி யாழ்ப்பாணப் பேச்சு. தோணிக்காரரை அவர்ட வாயாலயே, "பிறகு" என்டுறதுக்கு நம்மட "மறுகா" என்டு பேச விட்டது இந்தத் தம்பிதான்.

பழைய மைக்:
"இசையும் கதையும்" நிகழ்ச்சிக்குக் கதை எழுதி அனுப்பினவன் நான். எனக்கு வானொலி படிப்பிக்காதீங்க.

அக்கரைப்பற்று காக்கா:
அதில கதை எங்க இருந்திச்சு? நாலு வசனம், பிறகு ஒரு சினிமாப் பாட்டு. நாயகிக்கு வருத்தம், இன்னொரு பாட்டு. கடைசியில ஆராவது மௌத்து.

பழைய மைக்:
அந்த நாலு வசனத்துக்குச் சனம் கடிதம் கடிதமா எழுதினது. இப்ப ஆர் எழுதுறான்? பெருவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போறான். அது தவளை என்டுறத மாத்த ஏலாது.

மண்முனை மகள்:
போன வருசம் ஒலிப்பதிவுப் பட்டறையில பொடியன்களுக்கு மைக்கைக் குடுக்காம மத்தியானம் வரைக்கும் பேசினது ஆரென்டு எல்லாருக்கும் தெரியும்.

பழைய மைக்:
பிடிக்கத் தெரிஞ்சாத்தானே குடுக்கிற? நீங்க வாயில முட்டப் பிடிச்சு ஒவ்வொரு "ப"வுக்கும் வெடி வச்சீங்க. ஒரு சாண் தள்ளிச் சரிச்சுப் பிடிங்க என்டு சொன்னதுக்குத்தான் இந்தக் கோபம்.

மண்முனை மகள்:
கோபம் அதுக்கில்ல. அந்தப் பட்டறைச் சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வரல்ல. இஞ்சயே கேக்கவா?

பழைய மைக்:
கேளுங்க. முதல்ல சந்தாவைக் கட்டிட்டுக் கேளுங்க.