2003ஆம் ஆண்டின் இன்ஃபோகஸ் எக்ஸ்1 புரொஜெக்டர் 4,500 ரூபாய்க்கு வருகிறது: வாங்கலாமா?

உறையூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் இருபது ஆண்டுகளாக நடந்துவந்த கணினிப் பயிற்சி மையம் ஒன்றை மூடுகிறார்கள். மேசை நாற்காலிகளை விலைபேசப் போன இடத்தில், அலமாரியின் மேல் பையோடு கிடந்த இன்ஃபோகஸ் எக்ஸ்1 புரொஜெக்டர் ஒன்று கண்ணில் பட்டது. உரிமையாளர் 4,500 ரூபாய் சொல்கிறார். 2003இல் வெளிவந்த மாதிரி. 800×600 புள்ளிகள், ஒற்றைச் சில்லு டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் முறை), அறிவிக்கப்பட்ட ஒளி 1,000 லூமென் (வெளிவரும் மொத்த ஒளியின் அளவு). விஜிஏ, எஸ்-வீடியோ, மஞ்சள் நிற ஆர்சிஏ ஆகிய இணைப்புகள் உள்ளன. எச்டிஎம்ஐ கிடையாது.

என் தேவை இதுதான். அப்பா சேர்த்துவைத்த விசிடிகளும் டிவிடிகளும் ஏறக்குறைய முந்நூறு உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். புதிய தொலைக்காட்சியில் அவற்றைப் போட்டால் நடுவில் ஒரு சதுரமும் இரு பக்கமும் இருட்டுமாகத் தெரிவதோடு, முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதைகின்றன. மாடி அறைச் சுவரில் 100 அங்குல அளவில் அப்பாவுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்பது ஆசை. அதே சமயம் இணையத்தில் 6,000 ரூபாய்க்கு "9,000 லூமென், முழு எச்டி" என்று புதிய எல்இடி புரொஜெக்டர்கள் விற்கின்றன. இருபது வயதைத் தாண்டிய ஒரு கருவிக்குப் பணம் கொடுப்பது அறிவுடைமையா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஒளிக்கற்றை

முதலில் அந்த 9,000 லூமெனை மறந்துவிடுங்கள். ஏஎன்எஸ்ஐ (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) முறையில் திரையின் ஒன்பது இடங்களில் ஒளியை அளந்து, சராசரி எடுத்து, பரப்பளவால் பெருக்கித்தான் லூமென் எண்ணைச் சொல்ல வேண்டும். மலிவு எல்இடி விளம்பரங்களில் வரும் எண்களுக்கு அப்படிப்பட்ட அளவீடு எதுவும் பின்னால் இருப்பதில்லை. எக்ஸ்1இன் 1,000 லூமென் அலுவலக வகைக் கருவிக்கு உரிய எண். நிறம் சரியாக இருக்கும் அமைப்பில், ஓரளவு ஓடிய விளக்கோடு, அதில் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

4:3 விகிதத்தில் 100 அங்குலத் திரை என்றால் அகலம் 2.03 மீட்டர், உயரம் 1.52 மீட்டர், பரப்பளவு ஏறக்குறைய 3.1 சதுர மீட்டர். 500 லூமெனை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 161 லூமென், அதாவது 161 லக்ஸ். சாதாரண வெள்ளைத் திரையில் அது பை மதிப்பால் வகுபட்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 51 கேண்டெலா ஆகிறது. திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட அளவு 48. ஆகவே அறையை நன்றாக இருட்டாக்கினால் நீங்கள் கேட்கும் 100 அங்குலம் இந்தக் கருவிக்கு எட்டக்கூடியதே. சன்னல் திறந்திருக்கும் அறைக்கு இது ஆகாது.

அடுத்தது புள்ளிகளின் கணக்கு. விசிடியில் இருப்பது 352×288 புள்ளிகள். நம் நாட்டு டிவிடியில் 720×576. இவற்றை 800×600 சில்லு ஏறக்குறைய அப்படியே ஏந்திக்கொள்கிறது. 4K தொலைக்காட்சியோ ஒரு புள்ளியைப் பல புள்ளிகளாகப் பெருக்கி, ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் சிதைவில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. மேலும் தமிழுக்கு சினிமாஸ்கோப் வந்ததே 1973இல்தான். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 1.37:1 விகிதத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், இந்தச் சில்லின் சதுரத்தை அவை முழுமையாக நிரப்பும். 16:9 அகலத்திரைப் படம் போட்டால் 600 வரிகளில் 450 மட்டுமே பயன்படும். டிவிடியில் இருக்கும் நுணுக்கத்தில் ஒரு பகுதி அங்கே இழப்பாகும்.

இணைப்பைப் பொறுத்தவரை மஞ்சள் ஆர்சிஏவைத் தவிர்த்து, ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே கொண்டுவரும் எஸ்-வீடியோவைப் பயன்படுத்துங்கள். ஆர்சிஏவில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், வேட்டிக் கரை, கம்பிச் சன்னல் போன்ற நுண்கோடுகள் வரும் இடத்தில் கறுப்பு வெள்ளைப் படத்திலும் பொய்யான நிறம் மினுங்கும். இந்தக் கருவிக்குள் ஃபரூஜாவின் டிசிடிஐ செயலி இருக்கிறது. பின்னல் வரிகளாக, அதாவது ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும் படத்தைச் சேர்த்து, சாய்கோடுகளில் படிக்கட்டு தெரியாமல் மழுக்கித் தருவது அதன் வேலை. அந்த விலைப் பிரிவில் அன்று அது அரிது, இந்த மாதிரி பேர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே பிளேயரே வரிகளைச் சேர்த்து அனுப்பும் புரோக்ரசிவ் அமைப்பைப் போடாமல், பின்னல் வரிகளாகவே அனுப்பி அந்தச் செயலியை வேலை செய்ய விடுங்கள்.

காந்தல் விளக்கு

மேலே உள்ள கணக்கில் தவறில்லை. ஆனால் விளக்கு எரியும் என்ற நம்பிக்கையின் மேல் அந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது. இவ்வகைக் கருவிகளில் இருப்பது பிலிப்ஸ் நிறுவனம் 1995இல் சந்தைக்குக் கொண்டுவந்த யுஎச்பி வகையைச் சேர்ந்த உயர் அழுத்தப் பாதரச விளக்கு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வில்லொளி எரிகிறது. எரியும்போது குவார்ட்ஸ் குமிழுக்குள் 200 வளிமண்டல அளவுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். ஆயுள் என்று அட்டையில் போட்டிருக்கும் மணிக்கணக்கு, ஒளி பாதியாகக் குறையும் நேரத்தைக் குறிப்பது. அதற்குப் பிறகும் எரியும், ஆனால் வெடிக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

நான் முன்பு ஒரு பழைய எல்சிடி புரொஜெக்டரை 3,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, மாற்று விளக்குக்காகச் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்தேன். கடைசியில் கிடைத்த கூடில்லாத வெற்றுக் குமிழைப் பழைய கூட்டில் பொருத்தினேன். வில்லொளி பிரதிபலிப்பானின் குவியத்தில் சரியாக அமையாததால் திரையின் ஒரு மூலை மங்கலாகவே இருந்தது. நாற்பது மணி நேரத்தில் அதுவும் வெடித்தது. அந்த விளக்குக்கு மட்டும் கருவியின் விலையைப் போல இரு மடங்கு செலவானது. ஆகவே இந்தக் கருவிக்குத் தனி விலை என்று ஒன்று இல்லை, உள்ளே இருக்கும் விளக்கில் மிச்சமிருக்கும் மணிகளுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு பேரம் பேசுங்கள். 4,500 ரூபாய் அதிகம்.

ஒளிக்கற்றை

காந்தல் விளக்கு அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து எல்சிடி கருவிகளில் துருவமுனைப்புத் தகடுகளும் பலகத்தின் உட்படலமும் கரிமப் பொருளால் ஆனவை. வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டுப் பட்டு அவை வெளுத்து, வெள்ளைத் திரையில் மஞ்சளும் நீலமுமாகத் திட்டுகள் விழும். டிஎல்பியில் ஒளியைத் திருப்புவது நுண்ணிய அலுமினியக் கண்ணாடிகள். எக்ஸ்1இல் அவை 4,80,000 உள்ளன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டறிந்த அமைப்பு அது. (அதற்காக 2015இல் அவருக்கு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.) சில்லு மூடி முத்திரையிடப்பட்டிருப்பதால் தூசு உட்புகாது, நிறமும் வெளுக்காது. மூப்பு வேறு இடங்களில் தெரியும்: ஒளியை லென்ஸுக்குத் திருப்பும் நிலையிலேயே சிக்கிக்கொண்ட கண்ணாடி ஒவ்வொன்றும் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, வண்ணச் சக்கரத்தின் தாங்கி தேய்ந்தால் கொசு ரீங்காரம்போல் ஓர் ஒலி.

எனவே பணம் கொடுக்கும் முன் அங்கேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினியில் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் முழு வெள்ளைப் படம் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், வெள்ளையில் மங்கிய மூலைகள் தெரியும். விளக்கு ஓடிய மணிகளைக் கருவியின் பட்டியலில் (மெனுவில்) பார்க்கலாம், ஆனால் அந்த எண்ணைச் சுழியாக்குவது எளிது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பல ஆண்டுகள் பைக்குள் கிடந்த கருவி என்கிறீர்கள். லென்ஸின் முன்னால் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வானவில் கண்ணன்

ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சில்லுக் கருவி மூன்று நிறங்களையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. சுழலும் சக்கரத்தின் வழியாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வீசுகிறது. கண் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. இந்தத் தலைமுறை மலிவுக் கருவிகளில் சக்கரம் மெதுவானது. பார்வையை விரைவாகத் திருப்பும்போது வெளிச்சமான விளிம்புகளில் நிறங்கள் பிரிந்து, கண நேரம் வானவில் தெரியும். இருட்டில் வெள்ளை எழுத்து, இரவுக் காட்சியில் நாயகியின் மூக்குத்தி என்று கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் அது மிகுதியாகத் தெரியும். நீங்கள் எதற்காக வாங்குகிறீர்களோ அங்கேயே இடிக்கிறது.

நிற அளவைச் சுழியாக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். சமிக்ஞையில் நிறம் இல்லாவிட்டாலும் சக்கரம் சுழன்றுகொண்டேதான் இருக்கும், ஆகவே வானவில் போகாது. சக்கரத்தையே கழற்றிவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. அதன் சுழற்சியைக் கவனிக்கும் உணரிக்குக் குறி கிடைக்காமல் கருவி விளக்கை ஏற்ற மறுத்துவிடும். பலருக்கு இந்த விளைவு தெரிவதே இல்லை, எனக்கோ தலைவலியே வரும். பார்க்கப்போகும் அப்பாவையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உறையூரான்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அப்பா, மனைவி இருவரையும் அழைத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். பட்டியல் 1,140 மணி காட்டியது. சுழியாக்கப்பட்டதா என்று கேட்டதற்கு, விளக்கு மாற்றியதே இல்லை என்றார் உரிமையாளர். ஏற்றியதும் ஐந்து நிமிடம் ரீங்காரம் கேட்டது, பிறகு அடங்கியது. கறுப்புப் படத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மூன்றும் இடது ஓரத்தில் இருக்கின்றன. லென்ஸில் பூஞ்சை இல்லை. பெயர்கள் ஓடும்போது மனைவிக்கு வானவில் தெரிந்தது. எனக்கும் அப்பாவுக்கும் தெரியவில்லை. மனைவிக்கு இந்தப் படங்களில் ஆர்வம் இல்லாததால் அதை ஒரு தடையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா விலையைப் பற்றிக் கவலைப்படாமல் முழுப் பாட்டு ஒன்றைப் பார்த்து முடித்த பிறகே எழுந்தார். அவரை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது கடினமாக இருந்தாலும், புள்ளிகளைக் காட்டி 2,200 ரூபாய்க்கு முடித்தேன்.

காந்தல் விளக்கு

அந்த விலை நியாயமே. புள்ளிகள் ஓரத்தில் இருப்பதால், படத்தின் விளிம்பு இரண்டு அங்குலம் விழும்படி திரையைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டிவிடுங்கள். ஒளியைத் துணி விழுங்கிவிடும். காலப்போக்கில் புள்ளிகள் கூடலாம். குளிர்ந்த நிலையில் தாங்கி சிறிது நேரம் ஒலிப்பதை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஒலி அடங்காமல் தொடரத் தொடங்கினால் அப்போது பார்த்துக்கொள்வோம். சாய்வாக விழும் படத்தை நேராக்கிக் காட்டும் கீஸ்டோன் திருத்தத்தைத் தொடாதீர்கள், அது இருக்கும் 600 வரிகளையும் சுருக்கிக் கலைக்கும். மேசையைத் திரைக்கு நேராகப் போடுங்கள்.

முக்கியமானது மின்வெட்டு. விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விசிறியும் நின்றுவிடும். குமிழ் தன் வெப்பத்திலேயே வெந்து ஆயுள் குறையும். கணினிக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வீட்டில் இருந்தால் அதன்வழியே இணையுங்கள். மின்சாரம் போனதும் படத்தைத் தொடராமல் உடனே பொத்தானை அழுத்தி அணைத்து, விசிறி தானாக நிற்கும்வரை காத்திருக்க அந்த யுபிஎஸ் போதும். அப்பாவுக்கும் அந்தப் பொத்தானைக் காட்டிவையுங்கள்.