மூதூர் நொக்ஸா, எடின்பரோ நொக்ஸா? பிள்ளைகளுக்குப் பிணக்கதை சொல்லி மாட்டிக்கொண்டேன்

வாவிக்கரையான் (களுவாஞ்சிகுடிப் பக்கம்) கேட்டது:

வணக்கம். ஒரு ஆலோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். சம்பளம் கிடையாது. பென்சன் எடுத்த வாத்திக்கு வேறென்ன வேலை. தை மாதம் தொடங்கியபோது பதினேழு பேர் வந்தார்கள். மாசி முடிவதற்குள் நாலு பேர் ஆகிவிட்டது. அதிலும் இரண்டு பேர் ஃபான் காற்றுக்காக வருகிறவர்கள்.

ஒரு சனிக்கிழமை வெறுத்துப்போய், கையில் இருந்த நீதிக்கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "பிணம் வித்து வாடகை அறவிட்ட கதை சொல்லவா?" என்று கேட்டேன். ஃபான்காரர் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரம், 1827 கார்த்திகை. ஹெயர் என்பவனின் தங்குவீட்டில் ஒரு கிழட்டுச் சிப்பாய் வருத்தம் வந்து செத்துப்போகிறான். யாரும் கொல்லவில்லை. ஆனால் 4 பவுண் வாடகை பாக்கி. ஹெயரும் அங்கே குடியிருந்த பேர்க் என்பவனும் சவப்பெட்டிக்குள் மரப்பட்டையை நிரப்பி அடக்கத்துக்கு அனுப்பிவிட்டு, உடலை டொக்டர் றொபேட் நொக்ஸ் என்ற உடற்கூற்று ஆசிரியரின் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 7 பவுண் 10 சிலிங் கிடைத்தது. பாக்கியும் தீர்ந்தது, கையிலும் மிஞ்சியது. அடுத்த ஆள் தானாகச் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் பதினாறு கொலை. பெரும்பாலும் தேடிவர ஆளில்லாத ஏழைகள். குடிக்கக் கொடுத்து, மயங்கியதும் வாயையும் மூக்கையும் பொத்தி அமுக்கினார்கள். காயம் இருக்காது, உடலுக்கு நல்ல விலை வரும்.

ஏன் இவ்வளவு கிராக்கி என்றும் சொன்னேன். வைத்தியம் படிக்க உடல் வேண்டும். சட்டப்படி கிடைத்தது தூக்கில் போட்ட கொலைகாரர்களுடையது போன்ற சில உடல்கள் மட்டும். அது போதவில்லை. பணக்காரர் வீட்டுக் கல்லறைகளுக்கு இரும்புக் கூடு போட்டுப் பூட்டிய காலம் அது.

கடைசியில் ஹெயர் அரச சாட்சியாக மாறித் தப்பிவிட்டான். நொக்ஸ் மீது வழக்கே இல்லை. 1829 தை 28 இல் பேர்க்கைத் தூக்கிலிட்டு, அவனையும் மாணவர்கள் முன்னால் வெட்டித் திறந்தார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. தோலில் ஒரு சின்னப் பொக்கெட் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள்.

இந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு பொடியன் எழும்பி, "சேர், மூதூரில புடிபட்ட நொக்ஸா இவர்?" என்று கேட்டான். நல்ல கேள்விதானே. நம் பக்கத்தில் றொபேட் நொக்ஸ் என்றால் 1660 இல் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்தில் கப்பலோடு வந்து கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருஷம் இருந்து, அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடியவர். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு என்று விளக்கவே பத்து நிமிடம் போனது.

அடுத்த கிழமை இருபத்திரண்டு பேர்! நானும் உற்சாகத்தில், ஒரே சத்திரசிகிச்சையில் மூன்று பேரைச் சாகடித்த லிஸ்டன் என்ற டொக்டரின் கதையை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் கிழமை ஒரு தாய் குடையோடு வாசலில் நின்றார். மகன் இரவில் கிணற்றடிக்குப் போகமாட்டேன் என்கிறானாம். அதைக்கூட விடலாம். தங்கச்சியின் வாயையும் மூக்கையும் பொத்தி, "இப்பிடித்தான் காயம் வராது" என்று செய்து காட்டியிருக்கிறான். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அந்த விவரத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது. போகும்போது அவர் கேட்டார்: "எங்கட நாட்டில நடந்தது காணாதா சேர், வெள்ளைக்காரன்ட பிணமும் வேணுமா?" பதில் வரவில்லை.

இப்போது என் கேள்வி: நிறுத்திவிடவா? தொடரலாம் என்றால், பிரித்தானிய வரலாற்றில் இப்படிப் பலருக்குத் தெரியாத, உண்மையான, ஆனால் கொல்லும் முறையைக் கற்றுக்கொடுக்காத கதைகள் என்ன இருக்கிறது?

---

பழைய தியேட்டர் நேர்ஸ் (மட்டக்களப்பு):

சேர், முதலில் அந்தப் பொடியனின் விஷயம். தங்கச்சிக்கு எத்தனை வயது? சின்னப்பிள்ளை என்றால் விளையாட்டுக்குக்கூடப் பொத்தக்கூடாது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். கதை சொன்ன வாய்தான் இதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது லிஸ்டன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள் நான். அந்த மூன்று சாவுக் கதைக்கு அவர் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. பின்னாளில் யாரோ சுவைக்காக எழுதியது. பிள்ளைகளிடம் அதைத் திருத்திச் சொல்லுங்கள்.

உண்மையே போதும். மயக்க மருந்து வருவதற்கு முன் நாலு பேர் பிடிக்க, அலறுகிற ஆளின் காலை அறுக்க வேண்டும். அதனால் வேகம்தான் திறமை. இரத்தம் காய்ந்து விறைத்த கோட்டை மாற்றாமல் போட்டுக்கொள்வதில் சிலருக்குப் பெருமை வேறு. கிருமி என்ற எண்ணமே அப்போது இல்லை. 1846 மார்கழி 21 இல் லண்டனில் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலைத் தொடையோடு எடுத்தார். அரை நிமிடம்தான். அந்த ஆள் கண் விழித்து, "எப்போது தொடங்கப்போகிறீர்கள்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். என் கணக்கில் இதுதான் கதை.

கொல்லும் முறை இல்லாத கதை வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பிராட்போர்ட் ஊரில் நடந்த இனிப்புக் கதையைச் சொல்லுங்கள். 1858 ஐப்பசி. அந்தக் காலத்தில் சீனி விலை, அதனால் இனிப்புச் செய்கிறவர்கள் சுண்ணாம்புக்கல் மாதிரி ஒரு மலிவுத் தூளைக் கலப்பார்கள். நம் ஊரில் மிளகாய்த்தூளில் செங்கல் தூள் போடுகிறார்கள் என்று பேசிக்கொள்வோமே, அதேதான். அந்தத் தூளை வாங்க மருந்துக்கடைக்கு ஆள் போனது. கடைக்காரர் சுகமில்லாமல் படுத்திருந்தார். உதவிக்கு நின்ற இளைஞன் பிழையான பீப்பாயிலிருந்து 12 இறாத்தல் அள்ளிக் கொடுத்தான். அது பாஷாணம், ஆர்செனிக். இரண்டும் வெள்ளைத் தூள்.

இனிப்பின் நிறம் வழக்கம்போல இல்லை என்று சந்தை வியாபாரி கவனித்திருக்கிறான். கவனித்துவிட்டு என்ன செய்தான்? விலையைக் குறைத்து வாங்கினான்! அன்றிரவே 5 இறாத்தல் வித்தான். இருபது பேர் அளவில் செத்தார்கள், இருநூறுக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நிறையப் பேர் பிள்ளைகள். முதலில் வாந்திபேதி என்றே நினைத்தார்கள். வழக்கு நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. நஞ்சை யார் விற்கலாம், எப்படிப் பெயர் ஒட்டி விற்க வேண்டும் என்ற 1868 சட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம். மருந்துப் போத்தலில் பெயரை இரண்டு தரம் வாசித்துப் பழகிய எங்களுக்கு இது பேய்க்கதையை விடப் பயம்.

---

பிறக்கிராசியாரின் கிளாக்கர் (அக்கரைப்பற்று):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் சேர். பிணக்கதையில் சட்டப் பகுதியை விட்டுவிட்டீர்கள். உடல் யாருக்கும் சொந்தமான சொத்து இல்லை என்பது இங்கிலாந்துச் சட்டம். அதனால் மையத்தை, அதாவது பிணத்தை, தோண்டி எடுத்தால் சிறு குற்றம், ஆனால் அதைச் சுற்றிய துணியை எடுத்தால் களவு! பிணம் திருடுகிறவர்கள் கபன் துணியை உருவிக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு, உடலை மட்டும் கொண்டுபோனார்கள். எங்கள் பிறக்கிராசியார் (வழக்கறிஞர்) இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பேர்க்கின் வழக்குக்குப் பிறகு, 1832 இல் புதுச் சட்டம் வந்தது. ஏழைகள் விடுதியில் இறந்து, யாரும் கேட்டு வராத உடல்களை வைத்தியப் படிப்புக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கல்லறைத் திருட்டு நின்றுபோனது. ஆனால் முன்பு கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை இப்போது ஏழைக்கு வந்ததே என்று அந்த ஊர்ச் சனம் கொதித்தது. நியாயம்தானே?

இன்னொரு வழக்கும் இருக்கிறது, பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். 1884 இல் மின்யொனெட் என்ற சின்னப் பாய்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் மூழ்கியது. நாலு பேர் ஒரு தோணியில். சாப்பிட இரண்டு டின் கிழங்கு, பிறகு பிடித்த ஒரு ஆமை. குடிக்கத் தண்ணீர் இல்லை. றிச்சட் பார்க்கர் என்ற பதினேழு வயதுப் பொடியன் கடல் தண்ணீரைக் குடித்து விழுந்துவிட்டான். மூன்று கிழமை அளவில், தலைவன் டட்லியும் ஸ்டீவன்ஸும் அவனைக் கொன்றார்கள். மூன்று பேர் அவனைத் தின்று உயிரோடு இருந்தார்கள். நாலைந்து நாளில் ஒரு ஜேர்மன் கப்பல் வந்து ஏற்றியது. கொஞ்சம் பொறுத்திருந்தால்!

கரைக்கு வந்து ஒன்றையும் மறைக்கவில்லை. கடலில் அது வழக்கம், யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று நம்பினார்கள். நீதிமன்றம், தன் உயிருக்காக இன்னொரு உயிரை எடுக்க அவசியம் ஒரு நியாயம் ஆகாது என்று சொல்லி மரணதண்டனை விதித்தது. பிறகு ஆறு மாத மறியலாகக் குறைத்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் முதல் வருஷத்திலேயே இதைப் படிக்கிறார்கள். எங்கள் கரையில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தீர்ப்புப் பற்றிப் பாதிப்பாதியாகப் பிரிவார்கள்.

---

ஆரையம்பதியான் (இப்போது லண்டன்):

மூன்று வருஷம் முன் எடின்பரோ போனபோது அந்தத் தோல் அட்டையைப் பார்த்தேன் மாஸ்டர். பெரிதாக எதிர்பார்த்துப் போனால், உள்ளங்கை அளவு. கடும் மண்ணிறம், மேலே பொன் எழுத்து. நம் ஆட்கள் அடையாள அட்டை வைத்திருக்கிற பழைய பேர்ஸ் போல. மனைவி வெளியே போய் நின்றுவிட்டார். கல்லறை இரும்புக் கூடுகளும் ஒரு தேவாலயத்து முற்றத்தில் இன்னும் கிடக்கின்றன.

---

நாவிதன்வெளி மண் (அம்பாறை):

வாத்தியார், அந்தத் தாய் கேட்ட கேள்வியை ஏன் ஒருவரும் தொடவில்லை? எடின்பரோவுக்குப் போனவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அம்பாறைக்கு மேற்கே காட்டைத் தாண்டினால் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல் என்று பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். 1817 இல் அங்கே வெள்ளைக்காரருக்கு எதிராகக் கிளர்ச்சி. அடக்கிவர அவர்கள் அனுப்பிய கெப்பெட்டிப்பொல திசாவையே (திசாவை என்றால் மாகாணத் தலைவர்) கிளர்ச்சிக்காரர் பக்கம் போனார். போகும்போது கொடுத்த துவக்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போனார் என்பது இங்கே எல்லாரும் சொல்வது. படை வந்து வீட்டையும் பயிரையும் எரித்தது, மாடுகளைக் கொன்றது. 1818 கார்த்திகையில் கண்டியில் அவர் தலையை வெட்டினார்கள்.

அதோடு முடியவில்லை. ஹென்றி மார்ஷல் என்ற படை டொக்டர் மண்டையோட்டை எடுத்துக்கொண்டு போனார். போன இடம் எது தெரியுமா? அதே எடின்பரோ. மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவி ஆளின் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பிய சங்கம் ஒன்று அங்கே இருந்தது, அவர்களுடைய அலுமாரிக்கு. பேர்க்கின் எலும்பும் இவர் மண்டையோடும் ஒரே ஊரில்! ஒருவன் கொலைகாரன், மற்றவர் தன் மண்ணுக்குப் போரிட்டவர். 1954 இல்தான் திருப்பித் தந்தார்கள். இப்போது கண்டியில் அடக்கம்.

இது பிரித்தானிய வரலாறா, நம் வரலாறா என்று நீங்களே பிள்ளைகளிடம் கேளுங்கள்.

---

வாவிக்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் லிஸ்டனைத் திருத்தினேன். "அப்ப சேர் பொய் சொன்னீங்களா?" என்றாள் ஒருத்தி. ஓம் என்று ஒத்துக்கொண்டேன். பொத்திக் காட்டிய பொடியனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். தங்கச்சிக்கு ஆறு வயது. அழுதுவிட்டான், நானும் கிட்டத்தட்ட.

பிறகு பிராட்போர்ட். கதை முடிந்ததும், போகும் வழியில் வாங்கிப் போன டொபிப் பையை மேசையில் வைத்தேன். இருபது பிள்ளைகள், ஒரு கைகூட நீளவில்லை. நான் ஒன்றை வாயில் போட்டு, சாகாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எடுத்தார்கள். யாருடைய பிழை என்று வாக்குவாதம் வேறு. அள்ளிக் கொடுத்தவனா, கலப்படக்காரனா, விலை குறைத்து வாங்கியவனா? வியாபாரிதான் என்று பெரும்பான்மை. கடைக்காரர் வீட்டுப் பொடியன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகக் கெப்பெட்டிப்பொல. அந்தத் தாய் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, பின்னால் வாங்கில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சத்தம் போடுவார் என்றே நினைத்தேன். எல்லாரும் எழும்பிப் போன பிறகு கிட்ட வந்து, "எத்தனை வருசம் கழிச்சுக் குடுத்தவங்க?" என்று கேட்டார். நூற்றி முப்பத்தாறு என்றேன். "ஒரு மண்டையோடுதானே, அதுக்கா?" என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கிளாக்கர் காக்கா, மின்யொனெட் வழக்கைப் பெரிய பிள்ளைகளுக்கு அடுத்த கிழமை வைத்திருக்கிறேன். உங்கள் பிறக்கிராசியார் ஒரு சனிக்கிழமை வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். தேத்தண்ணி என் செலவு.