புதுப்பிப்பு: கல்லிடைக்குறிச்சி வீட்டைத் தாம்பரத்தில் காட்டிய போன்

தாம்பரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குக் குடிவந்த பிறகும் வீட்டுக்குள் போன் ‘தாம்பரம்’ என்றே காட்டுகிறது என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

குற்றவாளி, பாத்திர மூட்டையோடு லாரியில் வந்த பழைய வைஃபை ரவுட்டர். ஒவ்வொரு ரவுட்டரும் தன் அடையாள எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்தத் தெருவில் கேட்டது என்று வரைபட நிறுவனங்கள் குறித்துவைத்திருக்கின்றன. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை மிக மெல்லியது. எங்கள் மச்சு வீட்டின் கனத்த சுவரைத் தாண்டி அது எங்கே வரப்போகிறது? போன் ரவுட்டரை நம்பியது. ரவுட்டரோ அந்த நிறுவனங்களின் குறிப்பில் இன்னும் தாம்பரத்திலேயே குடியிருந்தது.

ஆச்சி அப்பளம் காயவைத்திருந்த மொட்டைமாடிக்கு ஏறினேன். நான்கு செயற்கைக்கோள்கள் அகப்பட்டதும் நீலப் புள்ளி ஒரே தாவலில் தாமிரபரணிக் கரைக்கு வந்துவிட்டது. “வந்ததுதான் வந்தாய், அந்தக் காக்கையை விரட்டு” என்றார் ஆச்சி.

மூன்று வாரத்தில் அந்தக் குறிப்பிலும் ரவுட்டரின் இடம் மாறி, வீட்டுக்குள்ளும் சரியாகிவிட்டது. கேபிளில் இணைத்த மேசைக் கணினி மட்டும் இன்னும் சென்னை என்கிறது. அதற்கு வைஃபையும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்ணான ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறது. அந்த முகவரி இணைய நிறுவனத்தின் பெயரில் சென்னைக் கணக்கில் இருக்கிறது. அதை நான் திருத்த முடியாது, விட்டுவிட்டேன்.