கார்ட்ரிட்ஜ் மாற்றினால் டோன் ஆர்ம் உயரத்தையும் மாற்றியே ஆகணுமா?

வட்டத்தட்டு:
புதுசா டர்ன்டேபிள் வாங்கின ஒரு தம்பிக்கு இந்தக் குழுவில் ஊசிமுனை சார் நேற்று எழுதின பதில் இது: "கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது மட்டுமல்ல, 180 கிராம் தட்டு போடும்போதும் ஆர்மை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் கேட்பவன் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறான்." (புதியவர்களுக்கு: கார்ட்ரிட்ஜ் என்பது ஊசி பொருத்திய தலை, டோன் ஆர்ம் அதைத் தாங்கும் கை, 180 கிராம் தட்டு என்பது தடித்த இசைத்தட்டு.) அந்தத் தம்பி பயந்துபோய், பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்கிறான். இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது.

ஒன்பது அங்குல ஆர்மில் பிவட்டிலிருந்து, அதாவது ஆர்ம் சுழலும் அச்சிலிருந்து, ஊசி வரை ஏறக்குறைய 230 மில்லிமீட்டர். பிவட்டை 1 மில்லிமீட்டர் ஏற்றினால் ஊசியின் சாய்வு மாறுவது கால் டிகிரி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 பிளேயரின் ஆர்ம் மொத்தமே 6 மில்லிமீட்டர்தான் ஏறும். கடைசி வரை திருகினாலும் ஒன்றரை டிகிரி. 120 கிராம் தட்டுக்கும் 180 கிராம் தட்டுக்கும் தடிமனில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அது அரைக்கால் டிகிரி. அரைக்கால் டிகிரிக்காக ஒரு பையனைத் தூங்கவிடாமல் செய்கிறீர்களே!

ஊசிமுனை:
என் பெயரைப் போட்டே திறந்துவிட்டீர்கள், நல்லது. நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பதும் அதே டெக்னிக்ஸ்தான். போன மாதம் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு ஆர்டோஃபான் 2எம் பிளாக் மாட்டினேன். டெனான் உயரம் 15 மில்லிமீட்டர், 2எம் 18. மூன்று மில்லிமீட்டர் கூடுதல். முன்பக்கம் தூக்கி, ஆர்மின் வால் தாழ்ந்து கிடந்தது. அப்படியே கேட்டேன். பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ்' வரும் இடமெல்லாம் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி இருந்தது. பூட்டை விடுவித்து, ஆர்மின் அடி வளையத்தைத் திருப்பி மூன்று மில்லிமீட்டர் ஏற்றினேன். கோடு போட்ட நோட்டுத்தாளை ஒரு அட்டையில் ஒட்டி, ஆர்முக்குப் பின்னால் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆர்ம் கோட்டோடு கோடாக நின்றது. திரும்பப் போட்டேன், 'ஸ்' அடங்கிவிட்டது. பக்கத்து அறையிலிருந்த என் மனைவி "என்ன மாத்துனீங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் கால் டிகிரி கணக்கெல்லாம் தெரியாது.

வட்டத்தட்டு:
மூன்று மில்லிமீட்டர் என்றால் முக்கால் டிகிரி. நீங்களே கணக்கைக் கொடுத்துவிட்டீர்கள்.

அதோடு, வால் தாழ்ந்தால் சத்தம் மந்தமாகும், வால் ஏறினால் கூர்மையாகும் என்று போன வருடம் இங்கே எழுதியதும் நீங்கள்தான். இப்போது வால் தாழ்ந்து 'ஸ்' தெறித்தது என்கிறீர்கள். எது உண்மை?

ஊசிமுனை:
மந்தமும் ஆகும், 'ஸ்' உடையவும் செய்யும். ரெண்டும் ஒரே ஊசியில் நடக்கும். கேட்டவனுக்குத் தெரியும்.

கொங்குஒலி:
அண்ணா, ரெண்டு பேரும் உயரம்னு ஒரே பேரை வெச்சுட்டு வேற வேற விஷயம் பேசறீங்க. கேண்டிலீவர், அதான் ஊசிக்கல்லைத் தாங்கற சின்னக் குச்சி, தட்டோட சேர்ற கோணம் ஒண்ணு, அதுக்குத்தான் 20 டிகிரின்னு தரம் வெச்சிருக்காங்க. ஊசிக்கல்லு பள்ளத்துல நிக்கிற சாய்வு இன்னொண்ணு, 92 டிகிரிம்பாங்களே அது. ஆர்ம் மட்டமா இருக்கறது மூணாவது. எதைப் பத்திப் பேசறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாங்களா? டிஎல்-103ல இருக்கறது உருண்டை முனை, சாய்வு கொஞ்சம் மாறினாலும் கண்டுக்காது. 2எம் பிளாக்ல ஷிபாட்டா முனை. 70கள்ல ஜப்பான்ல நாலு சேனல் தட்டுக்காகக் கண்டுபிடிச்சது. மெல்லிசா நெட்டுக்கு உக்காரும், அதுக்குச் சாய்வு முக்கியம்தானுங்க.

வட்டத்தட்டு:
எந்தப் பெயர் வைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் கால் டிகிரிதான். பெயரை மாற்றினால் கணக்கு மாறாது.

யாழ்ஒலி:
நான் ரீகா கொம்பனியின்ரை பிளேயர் பாவிக்கிறன். அதிலை உயரம் மாத்துற திருகே இல்லை. தேவையெண்டால் ஆர்முக்கு அடியிலை 2 மில்லிமீட்டர் வளையம் ஒண்டை வைக்கலாம், அவ்வளவுதான். திருகு வைச்சால் ஆர்மின்ரை பிடிமானம் தளர்ந்துபோகும், அந்த நட்டம் கோணத்தாலை வாற லாபத்தைவிடப் பெரிசு எண்டு நம்பித்தான் அப்பிடிச் செய்யினம். 1983இலை வந்த அவையின்ரை ஆர்பி300 ஆர்மிலும் அதே கதைதான். நாப்பது வருசமாச் சனம் சந்தோசமாக் கேக்குது.

ஊசிமுனை:
திருகு இல்லாதவர்கள் திருகு தேவையில்லை என்றுதான் சொல்வார்கள்.

யாழ்ஒலி:
ஊசிமுனை அண்ணை, இது மரியாதை இல்லாத கதை. நான் வசதியில்லாமல் ரீகா வாங்கேல்லை. கேட்டுப் பாத்துத்தான் வாங்கினனான்.

வட்டத்தட்டு:
யாழ்ஒலி சொல்வதில் ஒரு பொறியாளரின் நியாயம் இருக்கிறது. சாருக்குப் பதில் இல்லாதபோதெல்லாம் இப்படித்தான், ஆளைப் பிடித்துக்கொள்வார். ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுப்பது) பற்றிய பழைய இழையிலும் இதே கதைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கேண்டிலீவர் 6 மில்லிமீட்டர் நீளம் என்று வையுங்கள். ஊசி வழக்கத்தைவிட 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக அமுங்கினாலே ஒரு டிகிரி போச்சு. ஆர்மை 4 மில்லிமீட்டர் இறக்குவதும் அதுவும் ஒன்று. டெனானுக்கு ஊசி அழுத்தம் 2.5 கிராம், 2எம் பிளாக்குக்கு 1.5 கிராம். கார்ட்ரிட்ஜ் மாற்றியபோது தராசு வைத்துப் பார்த்தாரா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நோட்டுத்தாள், டார்ச், மனைவி எல்லாம் வந்தாகிவிட்டது, தராசு மட்டும் வரவில்லை!

ஊசிமுனை:
தராசு வைக்காமல் கார்ட்ரிட்ஜ் மாற்ற நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? 1.5 கிராம், இரண்டு முறை பார்த்தேன். என் வீட்டுக்காரியை இதில் இழுக்க வேண்டாம்.

கொங்குஒலி:
ஆர்மை ஏத்தினா அழுத்தமும் துளி மாறுமுங்க, ஓவர்ஹேங்கும், அதாவது தட்டு மாட்டற நடு முனையைத் தாண்டி ஊசி நீட்டற அளவும், துளி நகரும். ஏத்தினதுக்கு அப்புறம் தராசு வெச்சீங்களான்னுதான் கேக்கணும்.

வட்டத்தட்டு:
அப்படிக் கேளுங்கள்! ஏற்றிய பிறகு வைத்தீர்களா சார்?

ஊசிமுனை:
உங்களுக்கெல்லாம் நான் பரீட்சை எழுத வரவில்லை.

மதுரைத்தட்டு:
ஒண்ணு சொல்றேன், யாரும் கோபப்படாதீங்க. எங்கிட்ட இருக்கறதெல்லாம் 70கள்ல கல்கத்தா டம்டம் ஆலையில அழுத்தின தட்டு. பாதி நெளிஞ்சிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஆர்ம் ஏறி ஏறி இறங்குது. இதுல எந்த உயரத்தைச் சரின்னு வைக்கிறது?

வட்டத்தட்டு:
இதைத்தான் எதிர்பார்த்தேன். நெளிவு ஒரு மில்லிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தடவை கால் டிகிரி போய்ப் போய் வருகிறது. அப்போதெல்லாம் சாருக்கு 'ஸ்' தெறிக்கவில்லையா?

ஊசிமுனை:
நெளிவு வந்து போகிற தப்பு. உயரம் தப்பாக இருந்தால் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை தப்பு. கால் செருப்பில் கல் சிக்குவதும் சைஸ் தப்பான செருப்பும் ஒன்றா? நெளிந்த தட்டை எல்லாம் வைத்து வாதம் செய்ய வந்துவிட்டார்கள். அதுவும் டம்டம் தட்டு, பாதி தூசிதான் அதில்.

மதுரைத்தட்டு:
சார், எங்கப்பா சம்பளத்துல மிச்சம்பிடிச்சு வாங்கின தட்டு அதெல்லாம். ஈரத்துணியில துடைச்சு, உறையை மாத்தி, நின்ன வாக்குல அடுக்கி வெச்சுக் காப்பாத்திட்டு வர்றேன். தூசின்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. நீங்க வாங்கற புது 180 கிராம் தட்டுல பாதி, டிஜிட்டல்ல இருந்து எடுத்துப் போட்டதுன்னு ஊருக்கே தெரியும்.

ஊசிமுனை:
டிஜிட்டலோ அனலாகோ, நல்லா வெட்டின தட்டு நல்ல தட்டு. இழை அதுக்கு இல்லை.

புதுஊசி:
அண்ணே, அந்தத் தம்பி நான்தான். என்னோடது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ். உயரம் 17.2 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. பிளேயர்ல வளையம் இருக்கு. ஏத்தணுமா, வேண்டாமா?

வட்டத்தட்டு:
தம்பி, பயப்படாதே. கண்ணுக்கு ஆர்ம் மட்டமாகத் தெரிந்தால் போதும். ஒரு மில்லிமீட்டருக்குக் கால் டிகிரிதான்.

ஊசிமுனை:
தம்பி, முதலில் மட்டமாக வை. பிறகு ஒரு கோடு ஏற்றிக் கேள், ஒரு கோடு இறக்கிக் கேள். ஒரு வாரம் அதே தட்டு, அதே பாட்டு. உன் காதே சொல்லும். கணக்கு வாத்தியார் பேச்சைக் கேட்டுப் பாதிப் பாட்டோடு நிற்காதே.

வட்டத்தட்டு:
மறுபடியும் பாதிப் பாட்டு! சரி, சனிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நான் ஒரு மில்லிமீட்டர் ஏற்றுகிறேன், இறக்குகிறேன். பத்துக்கு எட்டு சரியாகச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஊசிமுனை:
உங்கள் ஸ்பீக்கரில் ஆறு மில்லிமீட்டர் ஏற்றினாலும் ஒன்றும் தெரியாது. நீங்கள் இங்கே வாருங்கள்.

வட்டத்தட்டு:
வருகிறேன். ரெண்டு வருடம் முன்னால் 'ஐம்பது மணி நேரம்தான் ஓடியது' என்று சொல்லி எனக்கு விற்றீர்களே ஒரு கார்ட்ரிட்ஜ், முதலில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், முனை ஒருபக்கம் தேய்ந்து சப்பையாக இருந்தது.

ஊசிமுனை:
அது நீங்கள் தேய்த்தது. உயரத்தைச் சரியாக வைக்காமல் ஓட்டினால் அப்படித்தான் தேயும்.

வட்டத்தட்டு:
கால் டிகிரியில் ஊசி தேயுமா?