பெரம்பூர் வீடு குழு: ஞாயிறு பாண்டி பயணம்

அண்ணி: ஞாயிறு பாண்டி உறுதிதானே? மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுக்கப் பிள்ளைகள் இப்போதே டிரஸ் எடுத்து வைத்துவிட்டார்கள்.

சித்தப்பா: வேன் சொல்லியாச்சு. காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். மணக்குள விநாயகர், கடற்கரை, வெள்ளைக்காரத் தெரு, சாப்பாடு, அப்புறம் வீடு.

நான்: சித்தப்பா, ஒரே ஒரு இடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு.

அண்ணி: யார் அவர்?

நான்: நம்ம பெரம்பூர்க்காரர் அண்ணி! 1709இல் பிறந்தவர். அவர் அப்பா வியாபாரத்துக்காகப் பாண்டிக்குப் போனதில் குடும்பமே அங்கே குடியேறிவிட்டது. பிறகு பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகரும் ஆனார். 1736இலிருந்து 1761இல் இறக்கும் வரை ஊரில் நடந்ததைத் தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கு என்ன மரியாதை, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

பெரியப்பா: 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் நம்ம சென்னைக் கோட்டையைப் பிடித்தார்களே, அதுவுமா?

நான்: அதுவும்தான் பெரியப்பா. தான் பிறந்த ஊர் பிடிபட்ட சேதியைப் பாண்டியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 1749இல்தான் சென்னையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அத்தை: எனக்கு வேதபுரீஸ்வரர் கோயில் போக வேண்டும் கண்ணு. அதை விட்டுவிடாதீர்கள்.

நான்: கட்டாயம் போகலாம் அத்தை. ஆனால் காந்தி வீதியில் இப்போது இருப்பது பிறகு கட்டிய கோயில். பழைய கோயிலை 1748இல் இடித்துவிட்டார்கள். அதையும் பிள்ளை எழுதியிருக்கிறார். டூப்ளேயிடம் வேலை பார்த்துக்கொண்டே, தன் ஜனங்கள் கும்பிட்ட கோயில் இடிபடுவதை எழுத வேண்டி வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அத்தை: ஈஸ்வரா.

சித்தப்பா: அந்த ஊரை நிறுவியதே டூப்ளேதான் என்று நினைத்திருந்தேன்.

நான்: இல்லை சித்தப்பா. 1674இல் குடியிருப்பை அமைத்தவர் பிரான்சுவா மர்த்தேன். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் ஓடும் தெருக்களுக்குத் திட்டம் போட்டது அவர்கள்தான். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வெள்ளைக்காரப் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். அதே மாதம்தான் பிள்ளையும் இறந்தார். பிள்ளைகள் போட்டோ எடுக்கப்போகும் மஞ்சள் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. இவர் வீடு 1738 வாக்கில் கட்டியது!

நான்: (படம்) போன வருடம் எடுத்தேன். கீழே நம்ம ஊர் மரத்தூண்கள். மாடியைப் பாருங்கள், பிரெஞ்சு பாணித் தூண்கள். ஒரே வீட்டில் இரண்டும்.

பெரியப்பா: அடடா. கீழ்த்தளம் நம்ம தாத்தா வீட்டுத் தாழ்வாரம் மாதிரியே இருக்கிறதே. இப்போதே பார்த்துவிட வேண்டும். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதுதான் அந்த பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 மழையில் இடிந்து விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? திரும்பக் கட்டிவிட்டார்கள், சரி. ஆனாலும் நான் வாலிபத்தில் படியேறிய கட்டடம் அது இல்லையே.

அண்ணி: பெரியவள் கேட்கிறாள், அவர் எழுதியதைப் படிக்க முடியுமா என்று.

நான்: முடியும் அண்ணி, தமிழில் அச்சாகியிருக்கிறது. பழைய நடைதான், நாலு பக்கம் போனால் பழகிவிடும். என்னிடம் ஒரு தொகுதி இருக்கிறது, வேனில் கொண்டுவருகிறேன். அவளை என் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சித்தப்பா: அப்படியென்றால் முதலில் ரங்கப்பிள்ளை வீதிக்கே போய்விடுவோம். பக்கத்தில் பெரிய மார்க்கெட், வேன் நிறுத்த இடம் கிடைக்காது. காந்தி வீதியில் வேறு ஞாயிற்றுக்கிழமை சந்தை. அத்தைக்கு நடக்க முடியுமா?

அத்தை: நடப்பேன். எனக்கு அந்தத் தூண்களைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா: சரி. ஐந்து மணி இல்லை, நாலரை. யாரும் தூங்கிவிடாதீர்கள்.